பஸ்ஸம்மா தலைக்கு மேல் ஒரு வளைகம்பி

பஸ்ஸம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று இருந்தது. அது அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. பள்ளிக்கூட பஸ்ஸை வாழ்நாளெல்லாம் ஓட்டியவளை, அதில் ஏறி இறங்கிய பிள்ளைகள், அந்தப் பிள்ளைகள் பெற்ற பிள்ளைகள், காய்கறிக் கடைக்காரர், தபால்காரர் என்று எல்லோரும் பஸ்ஸம்மா என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பாள்.

ஆள் குள்ளம். ஆனால் அவள் பஸ்ஸில் ஒருத்தனும் வாலாட்ட முடியாது. அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்தால்தான் வண்டி நகரும். ஒரு பயல் சீட்டில் முட்டி போட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தாலும் போதும், இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்வாள். கத்த மாட்டாள், திட்ட மாட்டாள். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை தலைமையாசிரியரே வழியில் ஏறி, நின்றபடி போனில் பேசிக்கொண்டு வந்தார். அவருக்கும் அதே மரியாதைதான். அவர் உட்கார்ந்த பிறகுதான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அம்மா நாலு பூச்செடி வைப்பாள், மத்தியானம் தூங்குவாள் என்று மகள் நினைத்தாள். பஸ்ஸம்மா நேராகப் போய் ஒரு காரோடு திரும்பி வந்தாள். அதுவும் என்ன கார் என்கிறீர்கள்? சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் பின்னால் மடித்து வைத்திருக்கும் துணியை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும், குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி மாதிரி. ஒரு பல் டாக்டர் வாலிபத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. தொப்பை வந்த பிறகு அவரால் ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் நுழைய முடியவில்லை. வண்டியா தொப்பையா என்று யோசித்து வண்டியை விற்றுவிட்டார்.

"உனக்கு எதுக்கும்மா இது?" என்றாள் மகள்.

"வண்டி நெறைய புள்ளைங்களைப் பின்னால வச்சுக்கிட்டே காலம் பூரா ஓட்டியாச்சு. இனிமே எனக்குப் பின்னால ஒருத்தரும் வேண்டாம்."

மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். உலகத்தில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எந்த எலும்பை உடைக்கும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றும். மாடிப்படி என்றால் இடுப்பு. சைக்கிள் என்றால் தோள்பட்டை. குளியலறையில் கிடக்கும் சோப்பு என்றால் மணிக்கட்டு. சிவப்புக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"கழுத்து" என்றாள். "இது கவுந்துச்சுன்னா தலைதான் மொதல்ல தரையில படும். உன் தலைக்கு மேல என்ன இருக்கு?"

"வானம் இருக்கு."

"அம்மா, நான் விளையாடல."

"நானும்தான். வானம் இருக்குன்னுதான் வாங்கினேன்."

மகள் கையை நீட்டிச் சாவியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். கவிழ்ந்தாலும் தலை நசுங்காமல் தாங்குகிற ரோல் பார் ஒன்றைச் சீட்டுக்குப் பின்னால் பொருத்தும்வரை சாவி கிடையாது என்று தீர்ப்புச் சொன்னாள். பொருத்துவதற்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. அவள் புருஷனே வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். வீட்டுக் கதவு, ஜன்னல் கம்பி எல்லாம் செய்வான் என்றாலும், பந்தயக் கார்களுக்குள் இரும்புக் கூண்டு கட்டுவதில்தான் அவனுக்குப் பேர். பஸ்ஸம்மாவுக்கு அங்கேதான் சிக்கல்.

ஏனென்றால் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை.

சண்டை என்று சொல்லவும் முடியாது. கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்னால், மாப்பிள்ளை ஆகப்போகிறவன் மரியாதைக்காக ஒருநாள் பஸ்ஸம்மாவின் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தான். பேச்சென்னவோ பணிவாகத்தான் பேசினான். கால்தான் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவனுடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது. முதல் திருப்பத்தில் பஸ்ஸம்மா பார்க்காத மாதிரி இருந்தாள். கடைசித் திருப்பத்தில் வண்டியை ஓரம் கட்டினாள்.

"இந்த வண்டியில ரெண்டு பிரேக்கா?" என்று கேட்டாள். பஸ் முழுக்கச் சிரித்தது. அவன் முகம் சுருங்கிப்போனது.

அன்றைக்கு நின்ற பேச்சுதான். பிறகு கல்யாணம் நடந்தது, ஒரே வீட்டில் குடியும் வந்தார்கள். பேச்சு மட்டும் மகள் வழியாகவே போய்வந்தது. மகள் வேலைக்குப் போயிருந்தால் பூனையிடம் சொல்வார்கள். பூனையும் ஊர் சுற்றப் போயிருந்தால் குளிர்சாதனப் பெட்டியிடம் சொல்வார்கள். "பெட்டியே, சாப்பாடு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு" என்பாள் இவள். "பெட்டியே, கை கழுவிட்டு வர்றேன்னு சொல்லு" என்பான் அவன். நாளாக நாளாகக் கோபம் எங்கேயோ போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் மிச்சமிருந்த ஒரே தகராறு.

அளவெடுக்கும் நாள் வந்தது. மருமகனுக்கு அளவு என்றால் சாமி மாதிரி. கடையில் வாங்கி வந்த அலமாரியைக்கூட வீட்டுக்குள் விடுவதற்கு முன்னால் அளந்துதான் பார்ப்பான். ரோல் பாருக்கு அவன் வைத்திருந்த கணக்கு எளிமையானது. ஓட்டுகிறவர் ஓட்டுகிற மாதிரியே சீட்டில் உட்கார வேண்டும். முன்கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து பின்னால் கம்பியின் உச்சிவரை ஒரு நேர்குச்சியை வைத்தால், ஓட்டுகிறவர் தலை அந்தக் குச்சிக்குக் கீழே இருக்க வேண்டும். வண்டி தலைகீழானால் அந்தக் குச்சி இருக்கிற இடத்தில்தான் தரை இருக்கும். தலை குச்சியைத் தொட்டால் கம்பி வைத்தும் பிரயோஜனமில்லை.

பஸ்ஸம்மா சீட்டில் உட்கார்ந்தாள். மருமகன் கை எட்டும் தூரத்தில் டேப்போடு நின்றான். நடுவில் மகள்.

"உங்க அம்மாவை எப்பவும் ஓட்டற மாதிரி உக்காரச் சொல்லு."

"எப்பவும் போலத்தான் உக்காந்திருக்கேன்னு சொல்லு" என்றாள் பஸ்ஸம்மா. வாய் கூசாமல் சொன்னாள். பொய்.

அந்தப் பொய்யின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் வீட்டில் முதன்முதலாக இந்தக் காரில் உட்கார்ந்தபோது அவள் கண்ணுக்கு ஸ்டீயரிங்கின் மேல் வளைவும் அதற்கு மேல் கொஞ்சம் மேகமும்தான் தெரிந்தன. ரோடு என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் ஒரு நெம்புகோல் உண்டு. வருஷா வருஷம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறாள். வண்டிக்கு வயசாகிவிட்டது, சீட் இறங்குகிறது என்றுதான் நினைத்தாள். இறங்கியது சீட் இல்லை என்று பல் டாக்டர் வீட்டு வாசலில்தான் உறைத்தது. பல் டாக்டர் நல்ல மனுஷன். நோயாளிகள் காத்திருக்கும் அறையிலிருந்து ஒரு பச்சை மெத்தையை எடுத்துவந்து கொடுத்தார். பல் பிடுங்க வந்தவர்கள் பயத்தில் கட்டிப்பிடித்துக் கசக்கிய மெத்தை. அதன்மேல் உட்கார்ந்துதான் பஸ்ஸம்மா வீடுவரை ஓட்டி வந்தாள். தெருமுனையில் நிறுத்தி மெத்தையைப் பின்பெட்டிக்குள் ஒளித்துவிட்டு, கடைசித் தூரத்தை ஒரு குத்துமதிப்பாக ஓட்டி வாசலில் வந்து நின்றாள்.

ஏன் ஒளித்தாள் என்றால், அதற்கும் மகள்தான் காரணம். கொஞ்ச நாளைக்கு முன்னால் சாப்பிடும்போது மகள் ஒரு கதை சொன்னாள். "இன்னைக்கு ஒரு அம்மாவுக்கு முதுகெலும்புப் படம் எடுத்தேன். எல்லாம் தேஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. ஆள் உசரத்துல அவ்வளவு கொறஞ்சுட்டாங்க. இன்னும் ஸ்கூட்டர் ஓட்டறாங்களாம். அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, வீட்டுல இருக்கறவங்களைச் சொல்லணும். இந்நேரம் சாவியைப் பிடுங்கி வச்சிருக்க வேண்டாமா?" பஸ்ஸம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பச்சை மெத்தை மகள் கண்ணில் பட்டால் சாவி கைப்பைக்குள் போனது போனதுதான். பூச்செடிதான் வைக்க வேண்டும்.

ஆகவே மெத்தை இல்லாமல், மேகத்தைப் பார்த்தபடி அளவுக்கு உட்கார்ந்தாள். போதாததற்கு இன்னொரு கோரிக்கையும் வைத்தாள். "ரொம்ப உசரமா வேண்டாம்னு சொல்லு. குரங்குக் கூண்டுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்."

"எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் இருக்கும்னு சொல்லு" என்றான் அவன்.

செய்த வேலையைக் குறை சொல்ல முடியாது. ஒட்டு இல்லாத ஒரே குழாயை எடுத்து, வளைக்கும் மிஷினில் வைத்து, வளைவில் ஒரு சுருக்கம்கூட விழாமல் வளைத்திருந்தான். கீழே வண்டியின் தரைக்கு அடியில் தடித்த தகடு வைத்து போல்ட் போட்டு முறுக்கியிருந்தான். பின்பக்கம் சாய்வாக இரண்டு தாங்கிகள். கறுப்பு வண்ணம் அடித்து, தலைபடும் இடத்தில் ரப்பர் சுற்றியிருந்தான். சிவப்பு வண்டிக்கு அது எடுப்பாகக்கூட இருந்தது. பஸ்ஸம்மாவுக்குப் பிடித்துப்போனது. பிடித்தது என்று சொல்ல மட்டும் ஆளில்லை, மகள் உள்ளே போயிருந்தாள்.

மகள் வந்து குச்சியை வைத்துப் பார்த்தாள். குச்சி பஸ்ஸம்மாவின் தலைக்கு மேல் தாராளமாகப் போனது. சாவி கைப்பையிலிருந்து வெளியே வந்தது.

"சரி, இப்படியே பட்டறையை ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டு."

பஸ்ஸம்மாவுக்குத் திக்கென்றது. மெத்தை பின்பெட்டியில் படுத்திருக்கிறது. வேறு வழியில்லாமல் முதல் கியரில் நகர்ந்தாள். பட்டறையின் தகரக் கூரை விளிம்பும், வேலியோரத்து மரத்தின் உச்சியும்தான் அவளுக்கு வழிகாட்டிகள். கழுத்தை நீட்டினாள், ஸ்டீயரிங்கின் நடுச் சந்து வழியாகக் குனிந்து பார்த்தாள், பிறகு பாதி எழுந்து பார்த்தாள். சுவரில் சாத்தியிருந்த ஜன்னல் கம்பி ஒன்று படாரென்று விழுந்தது.

"வழியில வச்சது யாருன்னு கேளு" என்றாள் பஸ்ஸம்மா, வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக.

"பட்டறை தொறந்ததுலேருந்து அங்கதான் சாத்தி வச்சிருக்கேன்னு சொல்லு" என்றான் மருமகன்.

மகள் அம்மாவை ஒருமாதிரி பார்த்தாள். புது வண்டி, பழகவில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள் பஸ்ஸம்மா. சாவி தப்பியது.

அதற்குப் பிறகு தினமும் ஒரே கூத்துதான். வீட்டிலிருந்து தெருமுனைவரை குருட்டாம்போக்கு. தெருமுனையில் இறங்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, மெத்தையை எடுத்துச் சீட்டில் போடுவாள். அப்புறம் அவள்தான் ராணி. காற்று முகத்தில் அடிக்க, பழைய பிள்ளைகள் கடை வாசலில் நின்று கை காட்ட, ஹாரனே அடிக்காமல் ஊரைச் சுற்றி வருவாள். திரும்பும்போது மெத்தை மறுபடி பெட்டிக்குள்.

ஒருநாள் மத்தியானம் மகள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரம் பார்த்து பஸ்ஸம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம். ஒட்டடைக் குச்சியை எடுத்துக்கொண்டு போய், மெத்தை மேல் உட்கார்ந்து, முன்கண்ணாடிக்கும் கம்பிக்கும் குறுக்கே வைத்துப் பார்த்தாள். குச்சி கம்பியைத் தொடவே இல்லை. ஒரு முனை கண்ணாடி விளிம்பிலும் நடுப்பகுதி அவள் உச்சந்தலையிலும் உட்கார்ந்திருக்க, மறுமுனை அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மதில்மேல் இருந்த பூனை அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டி கவிழ்ந்தால் முதலில் தரையில் படப்போவது கம்பி இல்லை, அவள் தலைதான். அவ்வளவு அழகாகச் செய்த கம்பி சும்மா வேடிக்கை பார்க்கும்.

கிளம்பலாம் என்று போட்ட இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தலைக்கு முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் எத்தனை பயல்களை இப்படிக் கண்ணாடியில் முறைத்திருப்பாள். ஒழுங்காக உட்காராத எவனுக்காவது வண்டியை நகர்த்தியிருக்கிறாளா? அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. இன்ஜினை அணைத்தாள். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மகளிடம் சொன்னால் சாவி போகும். சொல்லாமல் ஓட்டினால் தலை போகும். யோசித்து யோசித்து, கடைசியில் மருமகனிடம் போவது என்று முடிவு செய்தாள். அது இரண்டையும்விடக் கஷ்டம்.

பட்டறையில் அவன் தனியாக இருந்தான். மகள் இல்லை, பூனை இல்லை, குளிர்சாதனப் பெட்டியும் இல்லை. பஸ்ஸம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மூலையில் நின்ற காஸ் சிலிண்டரின் எதிரே போய் நின்றாள்.

"ஏ சிலிண்டரே, உங்க முதலாளிகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

மருமகன் முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். மேஜைமேல் இருந்த சுத்தியலை எடுத்து எதிரே நிறுத்தினான். "சுத்தியலே, என்ன விஷயம்னு கேளு."

"அன்னைக்கு அளவுக்கு உக்காந்தது நெஜம் இல்லையாம்."

"அப்படின்னா என்னன்னு கேளு."

"நான் மெத்தை போட்டுத்தான் ஓட்டறேன். மெத்தை இல்லாட்டி எனக்கு ரோடே தெரியாது. நான் கொறஞ்சு போயிட்டேன். இதை உங்க முதலாளி பொண்டாட்டிகிட்ட சொன்னா சாவி போயிடும்."

மருமகன் முகமூடியைக் கழற்றி வைத்தான். பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் சுத்தியலைப் பிடித்து ஒரு பிடி பிடித்தான். "அப்போ நான் ராவு பகலா வளைச்சது யார் தலைக்கு? இத்தனை நாளா அந்தத் தலையைக் குச்சிக்கு மேல நீட்டிக்கிட்டா ஊரைச் சுத்தினாங்க? ஏதாவது ஆகியிருந்தா? நான் வச்ச கம்பி இருந்தும் போயிட்டாங்கன்னு ஆயிருக்கும். அறிவிருக்கான்னு கேளு."

பஸ்ஸம்மா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். திட்டு நியாயமானது. அதிலும் அவன் குரல் நடுவில் ஒரு இடத்தில் கம்மியதை அவள் கவனித்துவிட்டாள்.

கோபம் ஆறியதும் அவனுக்குள்ளிருந்த பட்டறைக்காரன் எழுந்துவிட்டான். பச்சை மெத்தையை அமுக்கிப் பார்த்தான். "சுத்தியலே, மெத்தை ஆகாதுன்னு சொல்லு. பிரேக் அடிச்சா வழுக்கிக்கிட்டு ஓடும். சீட்டுக்கு அடியில இரும்பு ஃபிரேம் வச்சு சீட்டையே உசத்திடலாம். கம்பியையும் புதுசா வளைக்கணும். பழசுக்கு ஒட்டுப் போட்டு உசத்தினா ஒட்டுல ஒடிஞ்சுடும்."

"முதலாளி வீட்டம்மா கேட்டா என்ன சொல்றதுன்னு கேளு சிலிண்டரே."

அவன் டேப்பை இழுத்து விட்டான். அது சரக்கென்று சுருட்டிக்கொண்டது.

"அதை நான் பாத்துக்கறேன்னு சொல்லு."

அன்றைக்கு எடுத்த அளவுதான் உண்மையான அளவு. பஸ்ஸம்மா நிமிரவும் இல்லை, குனியவும் இல்லை. அவன் மரச்சட்டம் ஒன்றை அவள் தலையில் மெல்ல வைத்து அளந்தபோது, இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லையே என்று இருவருக்குமே தோன்றியது. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

புதுக் கம்பியோடு வண்டி வீட்டுக்கு வந்த அன்றே மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க, இந்தக் கம்பி வளந்திருக்கா?"

மருமகன் தொண்டையைச் செருமினான். "மொதல்ல போட்டது அளவு தப்பிடுச்சு. மாத்திட்டேன்."

மகள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், நிற்கவே இல்லை. "உங்களுக்கா? அளவா? எங்க வீட்டுக் கதவு நூலளவு சாய்ஞ்சிருக்குன்னு மூணு தடவை கழட்டி மாட்டினது யாரு?" அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பஸ்ஸம்மா பூனையைத் தடவுவது மாதிரி திரும்பிக்கொண்டாள். பூனை அங்கே இல்லை.

மகள் சிரித்ததோடு விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் அதை நாத்தனாரிடம் சொன்னாள், அக்கம்பக்கத்தில் சொன்னாள், எக்ஸ்ரே எடுக்க வந்தவர்களிடமும் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதற்கு முன்னால் சொன்னாள். அவளுக்கு அது வெறும் வேடிக்கை. ஆனால் ஒரு லீவு நாளில், எல்லோரும் பட்டறையில் இருந்தபோது பந்தயக்காரர் வந்தார். மருமகன் கட்டிய கூண்டுக்குள் உட்கார்ந்து வருஷா வருஷம் பந்தயம் ஓடுகிறவர். இந்த வருஷக் கூண்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். மகள் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்துக் கொடுங்க. இவர் இப்பல்லாம் அளவு தப்பறார்" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னாள்.

பந்தயக்காரரும் கூடச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் பார்வை, மூலையில் கிடந்த பழைய கம்பிக்கும் வண்டியில் இருந்த புதுக் கம்பிக்கும் போய்ப்போய் வந்தது. "மாஸ்டர், தப்பா நெனைக்காதீங்க" என்றார். "இது உயிர் விஷயம். இந்தத் தடவை வேற எடத்துல பாத்துக்கறேன்."

மருமகன் டேப்பைக் கையில் வைத்து இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். மகளின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. பந்தயக்காரர் தன் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

பஸ்ஸம்மா தன் காரின் பின்பெட்டியைத் திறந்தாள். பச்சை மெத்தையை எடுத்துவந்து மேஜைமேல் போட்டாள். தூசி பறந்தது.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் பந்தயக்காரரிடம். "அவர் அளவு தப்பல. தப்பினது நான். அளவெடுக்கும்போது கீழ உக்காந்தேன், ஓட்டும்போது இந்த மெத்தை மேல உக்காந்தேன். பொய் சொன்னவளுக்கு எப்படிச் சரியா அளவெடுக்க முடியும்? பழி மட்டும் அவர் தலையில விழுந்துச்சு." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "நீ சொன்ன அந்த அம்மா மாதிரிதான் நானும். கொறஞ்சு போயிட்டேன். ரோடு தெரியல. சாவி போயிடும்னு மறைச்சேன்." சாவியை எடுத்து மகள் கையில் அவளே வைத்தாள்.

மகள் சாவியைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "இதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன? நான் என்ன எமனா?" என்றாள். ஆனாலும் சாவி கைப்பைக்குள்தான் போனது. எக்ஸ்ரேக்காரி எக்ஸ்ரேக்காரிதான். "இனிமே இதை நான் ஓட்டறேன். நீ பக்கத்துல உக்காந்து காத்து வாங்கு" என்று சொல்லிவிட்டுச் சிவப்புக் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

மருமகன் மெதுவாக நடந்துபோய் நேர்குச்சியை எடுத்துவந்தான். முன்கண்ணாடி விளிம்பில் ஒரு முனையை வைத்து, மறுமுனையைப் பின்னால் இறக்கினான். குச்சி கம்பிக்குப் போய்ச் சேரவில்லை. மகளின் மண்டையில் டொக்கென்று உட்கார்ந்தது.

"எறங்கு" என்றான்.

"என்னது?"

"நீ வச்ச சட்டம்தானே. தலை தட்டினா ஓட்டக்கூடாது. சீட்டு உசந்திருக்கு, ஃபிரேம் வச்சு வெல்டு அடிச்சாச்சு, இனிமே எறங்காது."

"அப்போ நீங்க ஓட்டுங்க."

அவன் ஏறினான். குச்சி அவன் மூக்குக்கு நேராக வந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பந்தயக்காரரும் ஆசைப்பட்டு ஏறிப் பார்த்தார், அவருக்கும் காது வரைக்கும்தான் இடமிருந்தது. பக்கத்துச் சீட் உயர்த்தப்படவில்லை. அதில் யார் உட்கார்ந்தாலும் தலை பத்திரமாகக் கீழே இருந்தது. ஓட்டுகிற சீட்டில்தான் ஒருத்தருக்கும் இடமில்லை.

எல்லோரும் பஸ்ஸம்மாவைப் பார்த்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்தாள். குச்சி தலைக்கு மேலே ஒரு கையகல இடைவெளி விட்டுப் போய், கம்பியின் உச்சியில் கச்சிதமாகப் படிந்தது. பந்தயக்காரர் குனிந்து அந்த இடைவெளியை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு தன் வண்டிக் கதவைச் சாத்திவிட்டு வந்து மருமகன் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"மாஸ்டர், டேப்பை எடுங்க" என்றார்.

மகள் இன்னும் விடவில்லை. வண்டிக்கு முன்னால் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். "உனக்கு எல்லாம் தெரியுதா?"

"உன் செருப்பு வார் அவுந்திருக்கறதுவரைக்கும் தெரியுது."

மகள் குனிந்து பார்த்தாள். அவிழ்ந்துதான் இருந்தது. செருப்பைச் சரிசெய்துகொண்டு வந்து, கைப்பை ஜிப்பை இழுத்து, சாவியை நீட்டினாள். "உன் முதுகெலும்பை ஒரு படம் எடுத்துப் பாக்கணும். நாளைக்கே. சரின்னாத்தான்" என்றாள். பஸ்ஸம்மா சரி என்றாள்.

பந்தயக்காரருக்கு அளவெடுத்து முடித்ததும், பொருத்தின வேலையை ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி மருமகன் பக்கத்துச் சீட்டில் வந்து ஏறினான். பஸ்ஸம்மா சாவியைத் திருகினாள். பழக்க தோஷத்தில் கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். மருமகன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கால் தரையில் பட்டால்தானே பிரேக்கைத் தேடும். அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சின்னச் சீட்டில் முட்டி இரண்டும் இடிக்க இடிக்க உட்கார்ந்திருந்தது.

பஸ்ஸம்மா இன்ஜினை அணைத்தாள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மருமகன் வண்டியிடம் பேசத் தயாரானான். "வண்டியே, ஏன் நின்னுடுச்சுன்னு..."

"மாப்பிள்ளை" என்றாள் பஸ்ஸம்மா.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"காலைக் கீழ போட்டு ஒழுங்கா உக்காருங்க. பிரேக் அடிக்கணும்னு தோணுச்சுன்னா அடிச்சுக்கங்க. எல்லாரும் ஒழுங்கா உக்காந்தாத்தான் வண்டி நகரும்."

"சரிங்க அத்தை" என்று மருமகன் காலைக் கீழே போட்டான்.